சங்கு ஊதாத மைன்ஸ்

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் வெடி வைத்தார்கள், மச்சான். தண்ணீர் கீழே போய்விட்டதென்று இன்னும் ஆழப்படுத்துகிறார்கள். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை, காதுதான் பாதி போய்விட்டதே. ஆனால் காற்று திரும்பியதும் அந்தப் புகை வந்தது. பாறையும் மருந்தும் சேர்ந்து கருகுகிற வாசம், நாக்குக்கு அடியில் போய்க் கசக்கிற வாசம். கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

உன் மகள் வாசலில் இருந்தாள். "ஒரு காயிதம் எழுதணும் சாமி" என்றேன்.

"யாருக்குங்க மாமா?"

"உங்கொப்பனுக்கு."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நோட்டும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கைநாட்டு ஒன்றுதான் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா. நான் பேச்சாகச் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். டீச்சர் அல்லவா. நாம் விமானம் ஏறும்போது உன் வீட்டுக்காரி பாவாயி வயிற்றில் ஐந்து மாசமாக இருந்த பிள்ளை இவள். உன்னைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

பாவாயி உள்ளே கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நாற்பது வருசமாக நான் சொல்லாத ஒன்று இந்தக் காகிதத்தில் வரப்போகிறது. அந்த இடம் வரும்போது எழுதுகிற கை என்ன செய்யும் என்று தெரியாமல்தான் ஆரம்பிக்கிறேன்.

சேலத்து மைன்ஸிலிருந்து சொன்னால்தான் விளங்கும். மல்லசமுத்திரத்துப் பக்கம் இரண்டு வருசம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தபோது, எழுபதுகளின் நடுவில், மானாவாரிக் காட்டை அப்படியே போட்டுவிட்டு நாம் இருவரும் வெள்ளைக்கல் வெட்டப் போனோம். அந்தக் கல் வெட்டுகிற குழிகளுக்கெல்லாம் சேலத்தில் ஒரே பெயர்தான், மைன்ஸ். ஆண் பெண் குழந்தை எல்லோருக்கும் அது தமிழ்ச் சொல் மாதிரி. நீ பாறையில் குழி போடுவாய், நான் மிஷினுக்குப் பின்னால் குழாயைப் பிடிப்பேன். பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி தலையோடு கால் வெள்ளையாக நிற்போம்.

வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். மிஷின் சங்குதான். சுற்று வட்டாரம் முழுக்கக் கேட்கும். ஊதியதும் எல்லோரும் ஓடிப் பாறைக்குப் பின்னால் பதுங்க வேண்டும். பிறகு வேட்டு ஒவ்வொன்றாகப் போகும். எத்தனை குழிக்கு மருந்து வைத்தோமோ அத்தனை வேட்டும் எண்ணி முடித்த பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அசையக் கூடாது. மறுபடி சங்கு ஊதினால்தான் வெளியே வரலாம். அந்தச் சட்டம் நம் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. ஊருக்கு வந்து மாரியம்மன் நோம்பியில் அதிர்வேட்டுப் போட்டால்கூட நீ விரலை மடக்கி எண்ணுவாய். உன் அம்மா, "மைன்ஸுக்குப் போனவனுக்கு மண்டையும் கல்லாப் போச்சு" என்று திட்டுவாள்.

ஆனால் மைன்ஸ் என்றால் நமக்கு வெடி ஞாபகம் வராது, மச்சான். தண்ணீர்தான் ஞாபகம் வரும். கல் தீர்ந்து விட்டுவிட்ட பழைய குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, பச்சையும் நீலமுமாக, மதிய வெயிலிலும் சில்லென்று கிடக்கும். வேலை முடிந்து அதில் குதிப்போம். வாட்ச்மேன் மேலே நின்று, "டேய், அங்க போவக் கூடாதுடா! போர்டு போட்டிருக்குது கண்ணு தெரியல?" என்று கத்துவார். நீ தண்ணீருக்குள்ளிருந்து, "எழுத்துத் தெரிஞ்சா நாங்க ஏனுங்க இங்க வந்து கல்லு ஒடைக்கிறோம்?" என்று கேட்பாய். அவரும் சிரித்துவிடுவார். போகக் கூடாது என்பது மைன்ஸில் வாட்ச்மேன் சும்மா போடுகிற சத்தம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டோம். இதை நீ நினைவில் வைத்துக்கொள். எனக்கு மறக்கவே முடியவில்லை.

பிறகு ரிக் வண்டிக் காலம் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் வண்டிகள் ஆந்திரா, மராட்டியம் என்று போக, நாமும் போனோம். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஈராக்குக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே ரோடு போடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அந்த நாட்டில் சண்டை நடக்கிறது என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் தெரியும். ஏஜெண்டு, "சண்டை எங்கியோ பார்டர்லீங்க, நீங்க போறது உள்நாடு" என்றான். நீ நம்பினாய். நான் நம்பின மாதிரி இருந்தேன்.

புறப்பட்ட அன்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாய். பாவாயி என்னை மட்டும் நிறுத்தினாள்.

"அண்ணா, ஒன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லும்மா."

"இவரு யாரு சொன்னாலும் கேக்கறவரில்லீங்க. நான் சொன்னா எனக்கே திருப்பிச் சொல்லுவாரு. நீங்க ஒரு வார்த்தை வேண்டாமுன்னா மட்டும் நின்னுக்குவாரு. பாத்துக்குங்கண்ணா."

"நானிருக்கறனம்மா" என்றேன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அன்றைக்கு நான் சொன்னதை அவள் அண்ணன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

விமானத்தில் நீ அடித்த கூத்தை அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். வார்ப்பட்டையைக் கட்டச் சொன்னதும், "ஏன் மாப்ள, மாட்டைக் கட்டற மாதிரி கட்டறாங்க, ஓடிப்போயிருவோமுன்னா?" என்றாய். விமானத்துப் பெண் கொடுத்த மிட்டாயில் ஒன்றைப் பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று சட்டைப் பையில் போட்டாய். அது அங்கேயே உருகிப் பையோடு ஒட்டிக்கொண்டது.

சண்டையினால் அந்த நாட்டில் விமானம் இறங்கவில்லை. பக்கத்து நாட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பகல் முழுக்க மணல். எதிரே டாக்சிகள் வரிசையாக வந்தன. மூன்றுக்கு ஒன்றின் கூரைமேல் நீளமாக ஒரு பெட்டி, கலர்த் துணி சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தாய்.

"மாப்ள, இங்கத்த வைகாசி மாசம் போல இருக்குது. பாரு, பொண்ணூட்டுச் சீரு எத்தனை போவுது! எல்லாம் பீரோ."

"பீரோவ படுக்க வெச்சா கண்ணாடி ஒடஞ்சு போவாதா?" என்றேன்.

"அரபுக்காரன் பீரோவுல கண்ணாடி இருக்காதாட்ட இருக்குது."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நம் சூப்பர்வைசர், மலையாளத்துக்காரர். சேட்டன் என்று கூப்பிடுவோமே, அவர்தான். அவர் சிரிக்கவில்லை. "அது பட்டாளக்காரங்களோட பெட்டி. ஊருக்குக் கொண்டுபோறாங்க" என்று மட்டும் சொன்னார். நீ எண்ணுவதை நிறுத்தினாய். ஆனால் உன் விரல் மடங்கியபடியே இருந்ததை நான் பார்த்தேன். அப்போதே திரும்பியிருக்கலாம். எப்படித் திரும்புவது? பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கேம்ப்புக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பிவேலி ஓடியது. பாதி மணலில் புதைந்து, பாதி சாய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப்பக்கம் பார்த்தால் வெள்ளையாகச் சின்னச் சின்ன மேடுகள். ஆடுமாடு கிடையாது. மனிதக் காலடி கிடையாது. நம் ஊரில் ஒரு நிலம் அப்படிச் சும்மா கிடந்தால் யாராவது காரணம் சொல்வார்கள். அங்கே கேட்க நமக்குப் பாஷை இல்லை.

ரிக் வண்டி வந்து சேரவே மூன்று மாசம் ஆனது. நாம் போட்ட முதல் குழி புகை. நம் பக்கத்தில் போர்வெல்லில் தண்ணீர் வராமல் வெறும் கல்மாவு பறந்தால் புகை என்போமே, அதேதான். இரண்டாவதும் புகை. மூன்றாவதில் பாதி போனபோது தண்ணீர் லாரி வருவது நின்றுவிட்டது. குடிக்க மட்டும் கேனில் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் குளிக்கவில்லை. வேர்வையும் மாவும் சேர்ந்து உடம்பில் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. நீ முதுகைக் கம்பெரசர் மூலையில் தேய்த்துக்கொண்டு, "எருமைக்குக் கூட ஒரு குட்டை இருக்குது மாப்ள" என்று முனகுவாய். அந்த நாட்களில் நீ தூக்கத்தில் பேசினாய். தண்ணீரைப் பற்றித்தான் பேசினாய்.

பதின்மூன்றாம் நாள் காலை நான் மட்டும் டீ வாங்கச் சமையல் கூடாரத்துக்குப் போனேன். சேட்டன் அங்கே நின்றிருந்தார். முந்தின நாள் வந்த மிலிட்டரிக்காரர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, வேலிக்கு அந்தப்பக்கம் கை நீட்டினார்.

"ஆ பாகத்து மைன் உண்டு. ஆரும் போகண்டா. மத்தவனோடும் சொல்லு."

மைன் என்றார், மச்சான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வழி தவறிப் போன ஊரில் நம் ஊர்க்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. வெள்ளை மேடு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கின மாதிரி இருந்தது. போகண்டா என்றதும் காதில் விழுந்தது. மலையாளம் தெரியாவிட்டாலும் அது விளங்காதா? ஆனால் விழுந்த மாத்திரத்தில் அது நம் வாட்ச்மேன் குரலாகிவிட்டது.

டீயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஒரு சொல் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"மச்சா, வேலிக்கு அந்தப்பக்கம் மைன்ஸ் இருக்குதாம்."

அவ்வளவுதான். மீதியைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் உன் மகளின் பேனா நின்றது. நின்றது என்பதையும் எழுதச் சொன்னேன். "இதை எழுதணுங்களா மாமா?" என்று கேட்டாள். "எழுது சாமி" என்றேன். எழுதுகிறாள்.

உன் முகம் மலர்ந்தது. "நெசமாலுமா? மைன்ஸுன்னா குழி இருக்கும். குழின்னா தண்ணி கெடக்குமல்ல!" சோப்பு டப்பாவையும் துண்டையும் எடுத்தாய். "நீயும் வா மாப்ள."

"மிஷின் பிட்டுக்கு கிரீஸ் வெச்சுட்டு வாரேன். நீ முன்னால போ."

போ என்று என் வாயாலேயே சொன்னேன்.

வேலி சாய்ந்த இடத்தில் ஒரு தகரப் போர்டு கிடந்தது. மண்டையோடு வரைந்து, கீழே ஏதோ எழுதியிருந்தது. நீ அதைத் தூக்கி என்னைப் பார்த்துக் காட்டினாய். "பாரு மாப்ள, நம்ம மருந்து குடோன் போர்டு! அதே மண்டை, அதே பல்லு! இங்கியும் வாட்ச்மேன் எங்கியோ தூங்கறான் போல!" என்று கத்தினாய். சேலத்தில் வெடிமருந்து வைக்கிற கட்டடத்தில் அதே படம்தான் இருக்கும். நானும் கை ஆட்டிச் சிரித்தேன். நீ போர்டைப் போட்டுவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தாய். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீ பாட்டு ஏதோ முனகினாய். காற்று என் பக்கம் வந்ததால் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

பிறகு வேட்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிக் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். தலையைக் குனிந்து, விரலை மடக்கி, அடுத்த வேட்டுக்குக் காத்திருந்தேன். ஒன்று என்று எண்ணிவிட்டு இரண்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு வராமல் எழுந்திருக்கக் கூடாதே. உடம்பு எழவில்லை, மச்சான். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நீ அங்கே கிடக்க, நான் இல்லாத வேட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் புகை அப்போதுதான் வந்தது. அது மூக்கில் ஏறியதும்தான் சங்கு ஊதவில்லையே என்று தோன்றியது.

ஓடினேன். வேலியில் சேட்டன் என்னைப் பிடித்து இழுத்தார். "அது கல்லு வெட்டற மைன் அல்லடா! பூமிக்குள்ள குண்டு! மிதிச்சா வெடிக்கும்!" என்று கத்தினார். அவர் கையை உதறினேன். அப்புறம் அவர், "அவன் கால் வெச்ச எடத்துல மட்டும் கால் வெய்யி" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

மணலில் உன் காலடி நன்றாகப் பதிந்திருந்தது. அகலப் பாதம் உனக்கு. ஒவ்வொன்றிலும் என் காலை வைத்துப் போனேன். வழியில் சோப்பு டப்பா கிடந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட பயம்.

உன் கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. வலிக்கிறது என்று நீ சொல்லவில்லை. கோபமாகக்கூட இருந்தாய்.

"ஏ மாப்ள, சங்கே ஊதுலியே அவனுங்க?"

"ஆமா மச்சா. ஊதுல."

"நாந்தான் பாடிட்டே கேக்காம உட்டுட்டனோ?"

"இல்ல. ஊதவே இல்ல."

"அப்ப என் மேல தப்பில்ல" என்றாய். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே காலடிகளில் திரும்பி நடந்தேன். வேலிக்கு வரும்போது உன் எடை மாறியிருந்தது. தூக்கினவனுக்குத்தான் அது தெரியும். கடைசி வரைக்கும் நீ சேலத்தில் கிடப்பதாகவே நினைத்தாயா? இதைக் கேட்க உன்னைத் தவிர ஆளில்லை.

உன்னையும் ஒரு டாக்சியின் கூரைமேல் கட்டித்தான் விமானம் வரை கொண்டுபோனோம். சுற்றக் கலர்த் துணி இல்லை. என் வேட்டியைச் சுற்றினேன்.

ஊரில் பெட்டியை இறக்கினபோது சங்கு ஊதினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பாவாயி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். பிரசவத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

"ஒன்னு கேக்கறனுங்கண்ணா. அங்க போகாண்டாமுன்னு யாருமே ஒரு வார்த்தை சொல்லலீங்களா?"

கேட்ட கேள்வி அவ்வளவு நேராக இருந்தது. பதில் என் வாய்க்குள் இருந்தது. அவள் வயிற்றைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலையம்மா" என்றேன்.

"அப்ப உங்க மேல குத்தமில்லீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உட்டிருக்க மாட்டீங்க" என்றாள். எழுந்து போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நோம்பிக்கும் முதல் இலை எனக்குத்தான். வெடிக்கிற நிலத்துக்குள் போய்த் தூக்கி வந்த அண்ணன் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். உன் மகளுக்குக் காது குத்தினது என் மடியில். அவள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையைப் போட்டது நான். நீ உயிரோடு இருந்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்குமோ என்னமோ, அந்த மரியாதை அத்தனையும் ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து வாங்கினேன்.

எனக்கு மறதி இல்லை, மச்சான். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறதி கொடுத்திருக்கலாம். உன் எடை இந்தத் தோளில் இருக்கிறது. அதைச் சுமக்க முடிகிறது. சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லைத்தான் முடியவில்லை. யாராவது யாரையாவது எங்காவது போகாதே என்று சொன்னால், அது எவ்வளவு சின்ன விசயமாக இருந்தாலும், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். பேரன்கள் விளையாட்டாகச் சொன்னாலும் அப்படித்தான். நீ ஒரு வார்த்தையில் நின்றிருப்பாய். பாவாயி சொன்னது சரிதான். அந்த ஒரு வார்த்தை என் கையில் டீ டம்ளரோடு இருந்தது.

இதோ, உன் மகள் இதுவரை எழுதிவிட்டாள். இனி வருவதையும் எழுதச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது சொல்கிறாள்: "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டப் போறேனுங்க." மாமா என்று சேர்க்கவில்லை. என் உத்தரவு கேட்கவும் இல்லை. கதவு வழியாகப் பார்க்கிறேன், உள்ளே கடலைக்காய் உரிக்கிற பாவாயியின் கை நின்றுவிட்டது. அவளுக்கு ஏற்கெனவே எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை.

படி சாமி. ஒரு சொல் விடாமல் படி.